நான் தனியாக ஓடிய மூன்று ரன்

எனக்குக் கிரிக்கெட் ஆட வராது என்பதை நானே ஒத்துக்கொள்வதற்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அது நான் பேட்டைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்திருக்கிறது. மரியாதைக்காக யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. (சொன்ன இரண்டொருவரைப் பொறாமை பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவிட்டேன்.)

சரி, ஆடத்தான் வரவில்லை, பார்க்கவாவது வருமா என்றால் அதிலும் எனக்கு ராசி கிடையாது. மில்லர்புரத்தில் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு டிவி உண்டு. இந்தியா ஆடுகிற நாட்களில் கடை வாசலில் கூட்டம் நிற்கும். நான் உள்ளே நுழைந்தால் விக்கெட் விழும். இது என் கற்பனை இல்லை, தெருவே சாட்சி சொல்லும். ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டால் அப்பா திரும்பிப் பார்க்காமலேயே சொல்லுவார்: "ஏலே முத்து, குடோன்ல புளி மூடை ஈரமா இருக்கான்னு பாத்துட்டு வா." புளி மூட்டை ஒரு நாளும் ஈரமாக இருந்ததில்லை. வெளியே வெடிச் சத்தம் கேட்ட பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். இந்தியா ஜெயித்த பெரிய ஆட்டங்களையெல்லாம் நான் புளி வாசனையோடு காதால்தான் அனுபவித்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஒருவனை எந்த டீம் சேர்த்துக்கொள்ளும் என்று நீங்கள் கேட்கலாம். துறைமுகத்தில் நான் வேலை பார்த்த கிளியரிங் ஆபீஸ் டீம் சேர்த்துக்கொண்டது. காரணம் என் திறமை இல்லை, அப்பாவின் லோடு வேன். அந்த வேன் இல்லாமல் பதினோரு பேரும் வெளியூர் மைதானத்துக்குப் போய்ச் சேர முடியாது. வேனை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே நான் பதினோராவது ஆட்டக்காரன். "நீ வந்தா போதும்லே, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்பதுதான் கேப்டன் எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை.

அந்த டீமின் உண்மையான ஆட்டக்காரன் சேவியர். ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி. புன்னைக்காயல்காரன், தினமும் பஸ்ஸில் வந்துபோவான். வலை இழுத்த குடும்பத்துப் பிள்ளை என்பதால் தோளும் கையும் அப்படி. அவன் அடித்தால் டென்னிஸ் பந்து திரும்பி வராது, யாராவது போய்க் கேட்டுத்தான் வாங்கிவர வேண்டும். எனக்கு அவன்மேல் பொறாமை கிடையாது. அவ்வளவு தூரத்தில் இருப்பவன்மேல் பொறாமைப்பட முடியாது.

சேவியருடைய அம்மா லூர்தம்மாள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு ஆத்தூர், ஆறுமுகநேரி பக்கம் வீடு வீடாக விற்றவர். எந்த வீட்டு டிவியில் கிரிக்கெட் ஓடுகிறதோ அந்த வீட்டு ஜன்னலில் நின்றுவிடுவாராம். ஐஸ் உருகி முதுகில் ஒழுகினாலும் ஓவர் முடியாமல் நகர மாட்டாராம். நான் முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, நீங்க பேட்டா, பாலா?" என்பதுதான்.

"ரெண்டும்தான் அம்மா" என்றேன் நான்.

"ரெண்டும் இல்லம்மா, டிரைவர்" என்றான் சேவியர்.

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்று எனக்குப் பொரித்த சாளை மீன் கூடுதலாக விழுந்தது. அதன்பிறகு சேவியரிடம் என் பெயரைச் சொல்லி விசாரித்ததே இல்லை. "டிரைவர் தம்பி எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்பாராம்.

அடுத்த வருஷமே லூர்தம்மாளுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரி, திரும்ப ஆஸ்பத்திரி, கடைசியில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். சரியாக அந்த நேரத்தில் புன்னைக்காயலில் ஒரு டோர்னமெண்ட் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதால் எல்லா ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் டீமும் பெயர் கொடுத்திருந்தது. சேவியரின் புண்ணியத்தில் ஒவ்வொன்றாக ஜெயித்து இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரில் அந்த ஊர் டீம்.

சேவியர் ஆட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. நாங்கள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியது அம்மாதான். ஆட்டத்தன்று காலையில் நான் வேனோடு போய் நின்றபோது கட்டிலில் இருந்தபடியே அவனை விரட்டிக்கொண்டிருந்தார். குரல் பாதிதான் வந்தது.

"நீ இங்கன உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா நான் எந்திரிச்சு நடந்துருவேனாலே? போ. ஸ்பீக்கர்ல உன் பேரு வரணும். ஜெயிச்சிட்டான்னு சொல்லணும். நான் அத கேக்கணும்."

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சேவியர் பேட்டை எடுத்துக்கொண்டு வந்து வேனில் ஏறினான். அவன் அக்கா ஜெசிந்தா வாசல் வரைக்கும் வந்து, "அம்மாவ நான் பாத்துக்கிடுதேன், நீ அடி" என்றார். விஷயம் தெரிந்த விழாக் குழுவினர் மைதானத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்களில் ஒன்றை அந்த வீட்டுப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். எதிர் டீம்காரர்கள்தான் ஏறிக் கட்டினார்கள். அந்த ஊர்க்காரர்களைப் பற்றி இதைவிட நல்லவிதமாக நான் எதுவும் சொல்லிவிட முடியாது.

மைக்கில் வர்ணனை சொன்னவர் ராயப்பன் அண்ணன். படகு எஞ்சின் மெக்கானிக். அவர் பேச ஆரம்பித்தால் ஆட்டத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. முதலில் ஆடிய ஊர் டீம் நிறையவே அடித்தது. நாங்கள் ஆட இறங்கியபோது ஒரு பக்கம் சேவியர் அடிக்க, மறுபக்கம் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சேவியர் பெயர் ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் ஒரு கணம் அந்த வீட்டுக் கூரையைப் பார்ப்பான். எங்களுக்கும் பார்வை அங்கேதான் போகும்.

மூன்று ஓவர் மீதி இருக்கும்போது ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. கேப்டன் என்னைப் பார்த்தார். நான் வேனைப் பார்த்தேன்.

"போலே. நின்னா போதும். அவனுக்கு ஸ்ட்ரைக் குடு" என்றார்.

நான் இறங்கிய அழகை ராயப்பன் அண்ணன் ஸ்பீக்கரில் சொன்னார்: "மில்லர்புரத்திலிருந்து முத்துக்குமார் வருகிறார். நடையைப் பார்த்தால் மளிகைச் சாமான் டெலிவரி கொடுக்க வருவதுபோல் தெரிகிறது." எனக்குச் சுரீர் என்றது. காட்டுகிறேன் பார் என்று, நான் சந்தித்த முதல் பந்தை இருந்த பலம் முழுவதையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினேன். வேர்வையில் பேட் கையை விட்டு நழுவிப் பறந்து, கரையில் ஏற்றியிருந்த ஒரு மீன்பிடி வள்ளத்துக்குள் போய் விழுந்தது. "சிக்ஸர்!" என்றார் ராயப்பன் அண்ணன். "பேட் சிக்ஸர்! பந்து கீப்பர் கையில் பத்திரமாக இருக்கிறது!"

ஊரே சிரித்தது. வள்ளத்துக்குள் ஏறி பேட்டைத் தேடி எடுத்துவந்தேன். மறுமுனையில் சேவியரும் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று அவன் சிரித்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் பந்து என்மேல் பட்டு, பேட்டில் பட்டு, எப்படியோ ஒற்றை ரன் வந்துகொண்டிருந்தது. மிச்சத்தைச் சேவியர் அடித்தான். நடுவில் பந்து மீன் காயப்போட்டிருந்த இடத்தில் விழுந்தால் இரண்டா நான்கா என்று பெரிய வாக்குவாதம் நடந்து, ஆட்டம் நின்று, திரும்பத் தொடங்கியது. கடைசியில் பாருங்கள் என் விதியை. ஒரு பந்து மீதி, மூன்று ரன் வேண்டும், பேட் என் கையில்.

சேவியர் பாதி தூரம் நடந்து வந்தான். "முத்து, எதுலயாவது படட்டும். பட்டவுடனே ஓடி வந்துரு. நிக்காத. திரும்பிப் பாக்காத" என்றான். கையைப் பிடித்து அழுத்தினான். எனக்கு அந்த நிமிஷம் உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா காதில் அது விழவேண்டும், அவ்வளவுதான்.

பந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். பேட்டின் விளிம்பில் பட்டு, கீப்பர் தலைக்கு மேலே எகிறி, பின்னால் வலை குவித்துவைத்திருந்த பக்கமாகப் பறந்தது. அங்கே ஆளே கிடையாது! நான் ஓடினேன். சேவியரும் ஓடினான். ஒரு ரன் முடிந்தது. இரண்டாவதுக்குத் திரும்பிப் பாதி வந்திருப்பேன், கோயில் மணி அடித்தது.

இங்கே கொஞ்சம் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் திருச்செந்தூரில் முடி இறக்கி, காது குத்தி, மாதம் தவறாமல் போய்வந்து வளர்ந்தவன். எனக்கு மணி என்றால் தீபாராதனை. மணிச் சத்தம் கேட்டால் என் இரண்டு கையும் என்னைக் கேட்காமல் தலைக்குமேல் போய்விடும். நல்ல நேரத்தில் மணி அடித்தால் நல்ல சகுனம் என்று எங்கள் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டுச் சொல்லுவார்கள். ஆகவே எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். நாங்கள் ஜெயிக்கப்போகிறோம், அதற்குத்தான் மணி அடிக்கிறார்கள்.

சேவியர் நடுவில் நின்றுவிட்டான். நான் அவனைத் தாண்டிப் போகும்போது, "ஓடுலே! ஓடு! நிக்காதன்னு நீதான சொன்ன!" என்று கத்தினேன். அவன் அசையவில்லை. களைத்துவிட்டான் போல, அவனுக்கும் சேர்த்து நானே ஓடிவிடலாம் என்று நினைத்தேன். (கிரிக்கெட்டில் அப்படி ஒரு வசதி கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.) இரண்டாவதை முடித்தேன். பந்தை எடுத்த பையன் எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். எங்கள் ஓட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டான் என்றே எடுத்துக்கொண்டேன். மூன்றாவதும் ஓடினேன், கடைசியில் மண்ணில் விழுந்து சறுக்கி, கோட்டைத் தொட்டேன்.

எழுந்தேன். சட்டையைக் கழற்றிச் சுழற்றினேன். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்து, அடிவயிற்றிலிருந்து, "வெற்றிவேல் முருகனுக்கு!" என்று ஒரு சத்தம் கொடுத்தேன்.

இந்தச் சத்தத்தைத் திருச்செந்தூரில் கொடுத்தால் ஆயிரம் பேர் "அரோகரா" என்பார்கள். அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று சுற்றிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார்கள். சுற்றி நின்ற பெண்கள் முக்காடு போட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டிருந்தார்கள். கீப்பரின் உதடு அசைந்தது. ராயப்பன் அண்ணன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். மணி ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விட்டு அடித்தது. தீபாராதனை மணி அப்படி அடிக்காது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

அம்பயராக நின்ற பெரியவர் வந்து என் காலடியில் கிடந்த பேட்டை மெதுவாக எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "தம்பி, இது துக்க மணி" என்றார். "யாராவது தவறிப்போனா அடிக்கது. மணி கேட்டா நின்னு ஒரு ஜெபம் சொல்லுவோம்."

"யாரு அண்ணாச்சி?"

அவர் சேவியரைப் பார்த்தார். ஊரில் அன்று படுக்கையில் இருந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டிலிருந்து ஆள் வருவதற்குள் மணி முந்திக்கொண்டது. ஓடு ஓடு என்று நான் கத்தியபோது அவன் தன் அம்மாவுக்கான மணியைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

சேவியர் பேட்டைத் தரையில் படுக்கவைத்தான். ஓடவில்லை. நடந்தான். கூட்டம் விலகி வழி விட்டது. நான் சட்டையைத் தலைவழியே மாட்ட முயன்றேன், வேர்வையில் அது ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. ஒரு கையை நுழைக்காமலே பின்னால் ஓடினேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்றெல்லாம் சொல்லுவார்களே, அன்று எனக்கு அது நிஜமாகவே வேண்டியிருந்தது.

அந்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஒளியவும் வழியில்லை. வருகிறவர்கள் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாத்தா நேரே வந்து, "முருகனக் கூப்பிட்டது நீங்கதானா?" என்று விசாரித்துவிட்டே உள்ளே போனார். அழுதழுது முகம் வீங்கிப்போன ஜெசிந்தா அக்கா ஒரு தடவை வெளியே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். திட்டப்போகிறார் என்று எழுந்தேன்.

"தம்பி, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றார்.

மறுநாள் அடக்கம். கோப்பையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அதற்குப்பிறகு பேட்டைத் தொடவில்லை. ஆபீஸில் சேவியர் என்னிடம் எப்போதும்போல்தான் இருந்தான். என்னால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு வரச்சொன்னபோது வேனில் பஞ்சர் என்று பொய் சொன்னேன். "பஸ்ஸு ஓடுது, வாலே" என்றான்.

அங்கேதான் ஜெசிந்தா அக்கா சொன்னார். நாங்கள் வேனில் கிளம்பிப் போனதிலிருந்து அம்மா கண்ணைத் திறக்கவில்லையாம். காது மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாம். சேவியர் பெயர் வரும்போதெல்லாம் அக்காவின் விரலை இலேசாக அழுத்துவாராம். "பேட் சிக்ஸர்" என்று ஸ்பீக்கரில் வந்தபோது கண்ணைத் திறந்து சிரித்துவிட்டாராம். சிரித்து, இருமி, ஒரு மடக்குத் தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "டிரைவரப் போயி ஆட விட்டிருக்கானுவளே" என்றாராம்.

"அதான் தம்பி அம்மா கடைசியாப் பேசினது. அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுட்டு."

சேவியர் பெயரைச் சொல்லிப் போயிருக்க வேண்டியவர், என் ஆட்டத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கேட்க ஆசைப்பட்ட 'ஜெயிச்சிட்டான்' என்ற சொல் காதில் விழவே இல்லை. நான் அந்தச் சுவரோரமாக நின்று அழுதேன். அழும்போதே பேட் வள்ளத்துக்குள் விழுந்த காட்சி ஞாபகம் வந்து சிரிப்பும் முட்டியது. அதற்காக இன்னும் அழுதேன். உள்ளே யாரோ ஒருவர், சேவியரின் சித்தப்பா என்று நினைக்கிறேன், சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடி திடீரென்று "வெற்றிவேல் முருகனுக்கு!" என்றார். அப்புறம் அந்தப் பந்தி முழுவதும், கழுத்தில் ஜெபமாலையும் கையில் சோறுமாக, "அரோகரா!" என்றது.

அதிலிருந்து வருஷா வருஷம் இது நடக்கிறது. அம்மாவின் நினைவுநாள் பூசை முடிந்து பந்தி போட்டதும் என்னை நடுவில் உட்காரவைப்பார்கள். நான் ஓடியதை, விழுந்ததை, சட்டை மாட்டிக்கொண்டதை எல்லாம் சேவியர் முதலிலிருந்து சொல்லுவான். ஒவ்வொரு வருஷமும் நான் ஓடும் தூரம் கூடிக்கொண்டே போகிறது. போன தடவை கடலைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். இது எனக்குக் கொடுக்கிற தண்டனை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வலித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று போய்வந்தேன்.

போன வருஷம் அப்பா இறந்தார். வயதானவர், ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து அமைதியாகப் போனார். சொந்தக்காரர்கள் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். பந்தல், பாடை, பூ, வண்டி எல்லாம் ஒழுங்காக நடந்தது. தெருவில் கடைகளை அடைத்தார்கள். கொள்ளி வைக்கும்போதுகூட என் கை நடுங்கவில்லை. "நல்ல சாவு, ஒரு குறை சொல்ல முடியாது" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் சேவியர் என்னைப் பீச் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். தூரத்தில் ஒரு கப்பல் உள்ளே வர உத்தரவுக்காக நின்றுகொண்டிருந்தது. சேவியர் கேட்டான்:

"ஏலே, அன்னைக்கு ஏதாவது கூத்து நடந்துச்சா?"

"எங்க?"

"உங்க வீட்லதான். அப்பா போன அன்னைக்கு. யாராவது எதையாவது ஒளறுனானா, எங்கயாவது தடுக்கி விழுந்தானா?"

நான் யோசித்துப் பார்த்தேன். காலையிலிருந்து மயானம் வரைக்கும் ஒவ்வொரு ஆளாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

"இல்லலே. ஒண்ணும் நடக்கல."

சேவியர் என் பக்கம் திரும்பி, தோளில் கையைப் போட்டான்.

"பாவம்லே நீ. பந்தில சொல்லிச் சிரிக்க உனக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

அப்பா போனதிலிருந்து நான் அப்போதுதான் அழுதேன்.